சீன மூலிகைகளும் ஈரல் புற்றுநோயும்

நம் நாட்டில் தோட்டங்களை அடுத்துள்ள எந்தச் சிறு பட்டணத்திற்குச் சென்றாலும், அங்கே கடைத்தெருவில் ஒரு சீன மருந்துக் கடையைக் காணலாம். சுவர் முழுவதும் சிறு சிறு இழுப்பறைகள். அவற்றுள் வேர், பட்டை, பூ, காய், உலர்ந்த காளான். கடைக்காரர் அவற்றைச் சிறு தராசில் நிறுத்துத் தாளில் மடித்துக் கொடுப்பார். சீனர் மட்டுமல்லர், நம்மவரும் காய்ச்சலுக்கும் உடற்சூட்டிற்கும் அக்கடைப் படி ஏறியதுண்டு.

இக்கடைகளின் வரலாறு நம் நாட்டு வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. சிங்கப்பூரில் 1867-ஆம் ஆண்டு தோன்றிய தோங் சாய் மருத்துவ நிலையம், இனமும் சமயமும் பாராது ஏழைகளுக்கு இலவசமாக மருந்து வழங்கிற்று. பேராக் மாநிலத்துக் கோப்பெங்கில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் அபினியே துணையென்று வாடியபோது, அவர்களுக்கு மூலிகை மருந்து தர 1879-இல் கடை திறந்தார் யூ கோங் என்பவர். அதுவே பின்னர் ‘யூ யான் சாங்’ என்னும் பெரிய வணிக நிறுவனமாயிற்று. கோலாலம்பூரின் துங் சின் மருத்துவமனைக்கு 1881-இல் வித்திட்டவர் யாப் குவான் செங். ஆகவே, சீன மருந்தைப் பற்றிப் பேசுவது நமக்குப் புறக்கதை ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படித்த ஒரு மாணவனின் தந்தை என்னிடம் வந்தார். “ஐயா, ஈரலில் புற்று இருக்கிறது, அறுத்து எடுக்க வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லுகிறார்கள். கத்தியே வேண்டாம், சீன வேர் மருந்தே போதும் என்று சிலர் சொல்லுகிறார்கள். நீங்கள் நாலும் படித்தவர். என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். “டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்” என்றேன். “ஏன்?” என்று அவர் கேட்டபோது என்னிடம் தெளிவான விடை இல்லை. காரணம் சொல்லப்படாத அறிவுரை மனத்தில் நிற்பதில்லை என்பதை, வகுப்பறையில் முப்பது ஆண்டு நின்ற நான் அறியாதவன் அல்லன். ஆயினும் அன்று அவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாத விடையையே இக்கட்டுரையில் தேட முயல்கின்றேன்.

பழைய ஏடுகள் கூறுவன

சீன மருத்துவத்தின் தொன்மையான மூலிகை நூல் சென்னோங் என்பவரின் பெயரால் வழங்குகின்றது. சென்னோங், மக்களுக்கு உழவையும் மருந்தையும் கற்பித்ததாகக் கூறப்படும் புராண அரசர். பூண்டுகளைத் தாமே தின்று பார்த்து, எது மருந்து, எது நஞ்சு என்று வகுத்தார் என்பது கதை. ஹான் பேரரசின் காலத்தில் தொகுக்கப்பெற்ற அந்நூலில் 365 மருந்துப் பொருள்கள் மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மேல்தரத்தில் 120, நடுத்தரத்தில் 120, கீழ்த்தரத்தில் 125. கீழ்த்தரம் என்றால் இழிந்தது என்பது பொருளன்று. நோயைத் தாக்கும் வன்மை மிக்கது; நஞ்சும் கலந்தது; நெடுநாள் உண்ணத் தகாதது என்பதே பொருள். வன்மையுள்ள மருந்தில் நஞ்சும் உறைந்திருக்கும் என்னும் உண்மையைச் சீனத்து முன்னோர் அறிந்திருந்தனர். இன்று ‘மூலிகைதானே, கெடுதல் என்ன?’ என்று பேசுவோர் அந்த முன்னோரைப் பின்பற்றுவோர் அல்லர்.

அதற்குப் பின் கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்தவர் சாங் சொங்சிங். இருநூறு பேருக்கு மேற்பட்ட தம் குலத்தார் பத்தாண்டிற்குள் கொள்ளைக் காய்ச்சல் முதலிய நோய்களால் மூன்றில் இரு பங்கினர் மாண்டதைக் கண்டு, அத்துயரே தூண்டுகோலாக மருத்துவ நூல் எழுதியதாக அவர்தம் முன்னுரை கூறுகின்றது. அவர் வகுத்த கஷாயங்கள் பல இன்றளவும் வழக்கில் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பின்னர்க் காண்போம். பதினாறாம் நூற்றாண்டில் லீ சிசென் என்னும் பேரறிஞர் (1518–1593) 27 ஆண்டுகள் உழைத்து, 1,892 மருந்துப் பொருள்களை விளக்கும் மாபெரும் நூலை இயற்றினார். பழைய நூல்களின் பிழைகளைத் திருத்துவதற்காகக் காடும் மலையும் திரிந்து, செடிகளை நேரிற் கண்டு எழுதியவர் அவர். ஏட்டில் உள்ளது என்பதற்காகவே ஒன்றை மெய்யென்று கொள்ளாத உள்ளம் அவருடையது.

இவர்கள் ஈரல் புற்றை அறிந்திருந்தனரா? வயிற்றில் திரளும் கட்டி, மஞ்சட்காமாலை, வயிற்று வீக்கம் ஆகியவற்றை அவர்கள் அறிந்து எழுதியுள்ளனர். ஆனால் இவை பல நோய்களுக்குப் பொதுவான குறிகள். உயிரணுவைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி இல்லாத காலத்தில், இன்ன கட்டி புற்று, இன்ன கட்டி வேறு என்று பிரித்தறிய வழியில்லை. ஆதலின், ‘ஈரல் புற்றுக்கு ஈராயிரம் ஆண்டுகளாக ஆண்டுவந்த மருந்து’ என்று விளம்பரம் கூறினால், அது வரலாற்றுக்குப் பொருந்தாத கூற்று என்று நாம் துணிந்து சொல்லலாம்.

கீழ்நாடுகளில் ஏன் மிகுதி?

2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 9 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் புதிதாக ஈரல் புற்றுக்கு ஆளாயினர். அவருள் 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சீன நாட்டவர். சீன மூலிகையில் இந்நோய்க்கு மருந்து தேடும் முயற்சி அந்நாட்டில் ஓங்கி நிற்பதற்கு இதுவே காரணம்.

இந்நோயின் வேர்களுள் தலையாயது ஹெப்பட்டைட்டிஸ் பி என்னும் கிருமி. அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பர்க் 1965-இல் ஆஸ்திரேலியப் பழங்குடியார் ஒருவரின் இரத்தத்தில் அதன் அடையாளத்தைக் கண்டறிந்ததாக வெளியிட்டார். 1976-இல் நோபெல் பரிசும் பெற்றார். தைவானில் பால்மர் பீஸ்லி என்பவர் 22,707 ஆடவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார். இக்கிருமியைத் தாங்கியவர்க்கு ஈரல் புற்று வரும் வாய்ப்பு, தாங்காதவரைவிட இருநூறு மடங்கிற்கு மேல் என்று 1981-இல் அவர் காட்டியபோது மருத்துவ உலகம் திகைத்தது.

மற்றொரு வேர் பூஞ்சணம். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சம் வான்கோழிகள் மடிந்தன. அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூத்த பூஞ்சணமே காரணம் என்று தெரிந்தது. அந்த நஞ்சிற்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். சீனத்தில் யாங்சி ஆறு கடலில் கலக்குமிடத்தில் சீடோங் என்னும் வட்டம் உள்ளது. ஈரப்பதம் மிக்க அவ்வூரில் மக்கள் மக்காச்சோளத்தையே முதன்மை உணவாக உண்டனர். சோளத்தில் பூஞ்சணம் பிடித்தது. ஈரல் புற்றும் மலிந்தது. பின்னர் மக்கள் சோளத்தை விட்டு அரிசிக்கு மாறியதும் நோய் குறையத் தொடங்கிற்று. மருந்தால் ஆகாதது சோற்றால் ஆயிற்று! குடிப்பழக்கம், ஹெப்பட்டைட்டிஸ் சி, ஈரலிற் கொழுப்பு படிதல் ஆகியனவும் இந்நோய்க்கு வழிசெய்பவை என்பதையும் ஈண்டுச் சேர்த்துக் கொள்க.

மூலிகையும் சத்தும்

மூலிகை வேறு, அதிலிருந்து பிரித்தெடுக்கும் சத்து வேறு. ஒரு வேரில் நூற்றுக்கணக்கான இரசாயனப் பொருள்கள் உள்ளன. எது நோயைத் தாக்குவது, எது உடலைக் கெடுப்பது, எது வெறும் சக்கை என்று பிரித்தறிதலே ஆராய்ச்சி.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மலேரியா மருந்தின் கதை. சீனப் பெண் அறிஞர் தூ யூயூ, மாசிபத்திரிக்கு இனமான சிங்ஹாவ் என்னும் பூண்டை ஆராய்ந்தார். முதலில் பயன் நிலையாகக் கிட்டவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கெ ஹொங் என்பவரின் ஏட்டைப் புரட்டியபோது, அப்பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு கூறியிருக்கக் கண்டார். காய்ச்சச் சொல்லவில்லை! அப்படியானால் சூடுதான் சத்தைக் கெடுக்கின்றதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈத்தர் என்னும் திரவத்தைக்கொண்டு 1971-இல் சத்தைப் பிரித்தார். அதுவே பல இலட்சம் உயிர்களைக் காத்த ஆர்ட்டிமிசினின். 2015-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. பழைய ஏடு வழிகாட்டிற்று. ஆனால் முடிவு கூறியது சோதனைக்கூடம். இவ்விரண்டின் உறவை நாம் மறத்தலாகாது.

மகிழ்ச்சி மரத்தின் கதை

சீனத்தின் தென்பகுதியில் வளரும் ஒரு மரத்திற்குச் ‘சீ சூ’ என்று பெயர். மகிழ்ச்சி மரம் என்பது அதன் பொருள். (இது நம் மகிழ மரம் அன்று.) இம்மரத்திலிருந்து புற்றுக்கு மருந்து கிடைத்த வரலாறு கதையினும் சுவையுடையது.

அமெரிக்காவில் மன்ரோ வால் என்னும் இரசாயன அறிஞர், கார்ட்டிசோன் என்னும் மருந்திற்கு மூலப்பொருள் தேடி ஆயிரக்கணக்கான செடிகளின் சத்துக்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றுள் ஓராயிரத்தைப் புற்று ஆராய்ச்சியாளர்க்கு அனுப்பினார். 1958-இல் விடை வந்தது. கலிபோர்னியாவில் வளர்க்கப்பட்டிருந்த சீன மகிழ்ச்சி மரத்தின் சத்து ஒன்றே புற்றை வன்மையாகத் தாக்கிற்று. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. பின்னர் வட கரோலினா மாநிலத்தில் அவரோடு சேர்ந்து பணியாற்றியவர், மகாராட்டிரத்து நந்தூர்பாரில் பிறந்த மன்சுக் வானி. இருவரும் தம் குழுவினரோடு அச்சத்தைத் தூய்மையாகப் பிரித்து, அதன் அமைப்பை 1966-இல் வெளியிட்டனர். அதற்குக் காம்ப்டோதெசின் என்று பெயர்.

அதனோடு வெற்றி வந்துவிடவில்லை. அப்பொருள் நீரில் கரையாது. கரையும் வண்ணம் உப்பாக்கிக் கொடுத்தபோது வீரியம் குறைந்தது; நோயாளருக்குச் சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவு முதலிய கொடிய துன்பங்களும் நேர்ந்தன. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சோதனைகள் நிறுத்தப்பட்டன. சீனத்திலோ, அதே மரத்தில் சிறிதளவு காணப்படும் மற்றொரு சத்தைப் பிரித்தெடுத்து, வயிறு, ஈரல் முதலிய உறுப்புகளின் புற்றுக்கு வழங்கி வந்தனர்.

1985-இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. லெராய் லியூவும் அவருடைய உடன்பணியாளர்களும் இச்சத்து எவ்வாறு செயற்படுகின்றது என்பதைக் கண்டறிந்தனர். நம் உயிரணுவுக்குள் இருக்கும் மரபிழை இருபுரிக் கயிறு போன்றது. கயிற்றைப் பிரிக்கப் பிரிக்க, எஞ்சிய பகுதியில் முறுக்கு ஏறும் அல்லவா? அம்முறுக்கைத் தளர்த்த ஒரு நொதி, ஒரு புரியை வெட்டி, முறுக்கை விட்டு, மீண்டும் ஒட்டிவிடுகின்றது. காம்ப்டோதெசின் அந்த வெட்டுவாயிற் புகுந்து, ஒட்டவிடாமல் தடுத்துவிடும். ஓயாது பெருகும் புற்றணு இதனால் சிதைந்து மடிகின்றது. ஆனால் குடலின் உட்சுவரும் எலும்பு மச்சையும் அவ்வாறே விரைந்து பெருகுபவை. ஆகையால் அவையும் அடிபடுகின்றன.

இச்சத்தின் அமைப்பை மாற்றி ஜப்பானியர் ஆக்கிய இரினோட்டெக்கான் என்னும் மருந்து, ஜப்பானில் 1994-லும் அமெரிக்காவில் 1996-லும் ஒப்புதல் பெற்றது. பெருங்குடற் புற்றுக்கு இன்றும் இது பயன்படுகின்றது. குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றுக்கும் கொடுக்கப்படுகின்றது. ஆனால் ஈரலிலேயே தோன்றும் புற்றுக்கு இது தலையாய மருந்து அன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் ‘சீன மரம் ஈரல் புற்றைத் தீர்க்கும்’ என்று கூறுதல் பிழை.

பழைய கஷாயமும் புதிய மருந்தும்

இரினோட்டெக்கானுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அஃது உண்டாக்கும் கடும் வயிற்றுப்போக்கு. ஈரல் அம்மருந்தின் நஞ்சை அடக்கிப் பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்ப, அங்குள்ள நுண்ணுயிர்கள் அக்கட்டை அவிழ்த்துவிடுகின்றன. நஞ்சு மீண்டும் உயிர்பெற்றுக் குடலை அரிக்கின்றது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் செங் யுங்சி, இதற்கு மாற்றுத் தேடிச் சாங் சொங்சிங்கின் நூலுக்குச் சென்றார். முன்னர்க் குறிப்பிட்ட கஷாயம் இதுவே. காய்ச்சலோடு கூடிய வயிற்றுப்போக்கிற்கு 1,800 ஆண்டுகளுக்கு முன் அவர் வகுத்தது. ஹுவாங்சின் வேர், பியோனி வேர், அதிமதுரம், சீன இலந்தை ஆகிய நான்கும் அதில் அடங்கும். செங் குழுவினர் புற்றுக்கட்டியுள்ள எலிகளுக்கு இரினோட்டெக்கானோடு இதனைக் கொடுத்தனர். குடற்சுவர் விரைவில் புதுப்பிக்கப்பட்டது, அழற்சி தணிந்தது, புற்றைத் தாக்கும் ஆற்றலோ குன்றவில்லை. 2010-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஈரல் புற்று நோயாளரிடத்தும் பிற மருந்துகளோடு சேர்த்து இக்கலவை பின்னர்ச் சோதிக்கப்பட்டது.

இங்கே நாம் கருத வேண்டியவை இரண்டு. ஒன்று, இக்கஷாயத்தை இரினோட்டெக்கானுக்கு மாற்றாக அவர்கள் கொடுக்கவில்லை, துணையாகவே கொடுத்தனர். மற்றொன்று, ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் கலவை ஒரே தன்மையதாக இருக்கின்றதா என்று கருவிகளால் அளந்தனர். விளைந்த மண்ணும் பறித்த பருவமும் மாறினால் வேரின் சத்தும் மாறும். நம் தோட்டத்து மரங்களிலேயே மழைக்காலப் பாலும் வெயிற்காலப் பாலும் ஒன்றல்லவே!

ஆட்டுப் பூண்டும் காளானும்

ஈரல் புற்றுக்கே நேராகச் சோதிக்கப்பட்ட இரண்டைப் பற்றியும் கூறவேண்டும். ஒன்று யின்யாங்ஹுவோ என்னும் பூண்டு. அதை மேய்ந்த ஆடுகள் கிளர்ச்சியுற்றதை இடையர் கண்டனர் என்பது பழங்கதை. அப்பூண்டின் வழி வந்த இகாரிட்டின் என்னும் பொருளுக்கு, 2022 ஜனவரியில் சீன அரசு நிபந்தனையோடு ஒப்புதல் அளித்தது. அறுவைக்கு இயலாத நிலையிலுள்ள, வழக்கமான மருந்துகள் பொருந்தாத அல்லது அவற்றை ஏற்காத, இரத்தச் சோதனையில் குறிப்பிட்ட அடையாளங்கள் காணப்படும் நோயாளருக்கு மட்டுமே அது உரியது. கடையில் அப்பூண்டை வாங்கிக் காய்ச்சிக் குடிப்பது இதற்கு ஈடாகாது.

மற்றொன்று ஹுவாய் மரத்தில் முளைக்கும் ஹுவாயர் என்னும் காளான். ஈரல் புற்றை அறுத்தெடுத்த 1,044 பேரைக்கொண்டு சீனத்தின் 39 மருத்துவ நிலையங்களில் நடந்த சோதனை 2018-இல் வெளியாயிற்று. 96 வாரம் முடிந்தபோது, காளான் சத்தை உண்டவருள் நூற்றுக்கு 62 பேரிடத்துப் புற்று மீளவில்லை. உண்ணாதவருள் இத்தொகை 49. நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் ஒரு குறை உண்டு. உண்ணாதவருக்கு வெற்று மாத்திரை ஏதும் கொடுக்கப்படவில்லை; யார் மருந்து உண்கின்றார் என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். இன்னொன்றையும் ஊன்றி நோக்குக. இவர்கள் அனைவரும் முதலில் கத்திக்கு உடன்பட்டுக் கட்டியை நீக்கிக்கொண்டவர்கள். காளான் அதன்பின் வந்த காவலே.

மருந்தே நஞ்சான வரலாறு

இனி மறுபக்கத்தைக் காண்போம். பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில், உடல் இளைப்பதற்காக மருந்துண்ட இளம்பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதுற்று வீழ்ந்தனர். 1993-இல் இச்செய்தி வெளியாயிற்று. ஆராய்ந்தபோது தெரிந்தது என்ன? சீனத்தில் ‘ஃபாங்சி’ என்னும் பெயர் வெவ்வேறு கொடிகளுக்கு வழங்குகின்றது. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று வந்துவிட்டது. வந்தது அரிஸ்டலோக்கியா என்னும் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்திலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு, மரபிழையிலும் மாறாத வடுவை உண்டாக்கிப் புற்றை விளைவிக்கின்றது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு, விளைவு உயிர்க்கேடு!

இதன் பின்னரும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. சிங்கப்பூர், தைவான் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, தைவான் நோயாளர் 98 பேரின் ஈரல் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 78 விழுக்காட்டில் அவ்வமிலத்தின் வடு காணப்பட்டதாக 2017-இல் அறிவித்தனர். இம்மூலிகைகளைத் தைவான் 2003-லேயே தடைசெய்திருந்தது; எனினும் முன்னர் உண்டவர் உடலில் வடு அழியாது நின்றது. ஈரல் புற்றைத் தீர்க்கும் என்று நாம் நாடும் மூலிகைக் கடையிலேயே, ஈரல் புற்றை விளைவிக்கத்தக்க மூலிகையும் ஒருகாலத்தில் இருந்தது என்பது கசப்பான உண்மை.

இதைப் படித்துச் சீனரை மட்டும் குறைகூற நமக்கு உரிமையில்லை. நம் நாட்டு மருந்துகளுள் வைத்து எண்ணப்படும் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே அரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்தவையே. தமிழாசிரியர்கள் இதனை மறவாது மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கீழாநெல்லி கற்பித்த பாடம்

காமாலைக்குக் கீழாநெல்லி என்பதை அறியாத தமிழர் இல்லை. சென்னையில் எஸ். பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், முன்னர்க் குறிப்பிட்ட நோபெல் அறிஞர் பிளம்பர்க்கோடு சேர்ந்து, ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமியைத் தாங்கியவர்களுக்கு இதனைக் கொடுத்துப் பார்த்தனர். கீழாநெல்லி உண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்துண்ட 23 பேருள் ஒருவருக்கே மறைந்தது. 1988-இல் இம்முடிவு வெளியானபோது எழுந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அக்கிருமி ஒழிந்தால் ஈரல் புற்றும் குறையுமன்றோ?

ஆனால் பின்னர்த் தாய்லாந்து முதலிய இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பயன் காணப்படவில்லை. முதலிற் கண்டோர் பொய்யர் அல்லர். சிலரிடத்துக் கண்டது பலரிடத்தும் காணப்பட்டாலன்றி அறிவியல் அதனை ஏற்பதில்லை, அவ்வளவே. தமிழர் மூலிகைக்கும் சீனர் மூலிகைக்கும் இவ்வுரைகல் ஒன்றே. நம்முடையது என்பதற்காக ஒன்றை ஏற்பதும், பிறருடையது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் அறிவுடைமை ஆகா.

பால்மரக் காட்டிலிருந்து சென்ற மருத்துவர்

ஈரல் புற்றை வெல்லும் போரில் சீனம் பெற்ற பெருவெற்றிகள் மூலிகையால் மட்டும் வந்தவை அல்ல. அவ்வெற்றியின் தலைமகன் நம் மண்ணோடு உறவுடையவர். ஊ மெங்சாவ் என்பவர் 1922-இல் சீனத்தின் ஃபூசியனில் பிறந்து, ஐந்து வயதில் சரவாக்கின் சிபுவுக்கு வந்தார். தந்தைக்குத் துணையாக விடியலில் பால்மரம் சீவி, பின் பள்ளிக்குச் சென்றவர். 1940-இல் சீனம் திரும்பி மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் ஈரலில் கத்தி வைப்பதற்கே மருத்துவர் அஞ்சினர். இரத்தக் குழாய்கள் அத்துணை நெருங்கிய உறுப்பு அது. மேசைப்பந்துகளைக் கரைத்த குழம்பை ஈரலின் குழாய்களில் செலுத்தி இறுகவைத்து, அவை செல்லும் வழியை அச்செடுத்துக் கற்றார் அவர். பட்டையை வெட்டும்போது மரத்தைக் காயப்படுத்தாத கை, ஈரலை வெட்டும்போது உயிரைக் காத்தது. 2021-இல் மறைந்த அவரைச் சீன ஈரல் அறுவை மருத்துவத்தின் தந்தை என்று அந்நாடு போற்றுகின்றது. தோட்டப் பள்ளிகளில் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த வரலாறு இது.

கத்தியினும் சிறந்தது தடுப்பூசி. தைவானில் 1984 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கினர். அதன்பின் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடத்து ஈரல் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 1997-இல் கணக்குக் காட்டிற்று. சிங்கப்பூர் 1987-லும் மலேசியா 1989-லும் எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தடுப்பூசியை வழங்கத் தொடங்கின. ஆனால் அதற்கு முன் பிறந்தவர், அதாவது என் வயதினரும் என் மாணவர் சிலரின் பெற்றோரும், அந்தக் காவலின்றி வளர்ந்தவர்கள். அவர்கள் ஒருமுறையேனும் இரத்தச் சோதனை செய்துகொள்ளுதல் நலம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன யாவை? சீன மூலிகைகளில் புற்றைத் தாக்கும் சத்துக்கள் உண்டு என்பது மெய். அவை மருந்தாவதற்குப் பிரித்தலும் அளத்தலும் பலரிடத்துச் சோதித்தலும் வேண்டும் என்பதும் மெய். துணை மருந்தாக நின்றபோது மூலிகை நன்மை செய்ததற்குச் சான்று உண்டு; அறுவைக்கு மாற்றாக நின்று ஈரல் புற்றை நீக்கியதற்குச் சான்று இல்லை. சில மூலிகைகள் புற்றையே விளைவிக்கும். ஆதலின், மூலிகை உண்ண விரும்புவோர் அதனைத் தம் மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும். சிங்கப்பூரில் 2000-லும் மலேசியாவில் 2016-லும் மரபுவழி மருத்துவர்களுக்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டிருப்பதால், பதிவுபெற்றவரை மட்டுமே நாடவேண்டும். இவை எல்லாவற்றினும் மேலாக, கட்டி சிறிதாக இருக்கும் காலத்தைக் கைநழுவ விடலாகாது.

என்னிடம் வந்த அந்தத் தந்தை ஆறு திங்கள் வேர்க் கஷாயம் குடித்தார். பின்னர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது, அறுப்பதற்குரிய காலம் கடந்துவிட்டது என்றனர். அவர் மகன் அவ்வாண்டு ஆறாம் வகுப்பை முடிக்குமுன்னரே அவர் காலமானார். வேரைக் கொடுத்தவரை நான் வைதேன் அல்லேன், ‘ஏன்?’ என்று அவர் கேட்டபோது விடையின்றி நின்ற என்னையே நொந்துகொண்டேன்.

ஆசிரிய நண்பர்களே, நம்மிடம் இன்னும் பலர் வருவார்கள். தோட்டத்து மக்கள் நம்மை நம்பிக் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் ‘ஏன்’ என்னும் கேள்விக்குக் காரணத்தோடு விடை கூறும் கடமை நமக்கு உண்டு.